காசு கேட்கவில்லை என்பதும் அனுமதி தந்தார் என்பதும்

சென்ற வருடம் இரண்டாம் தவணை முடியும் தறுவாயில் எமது கல்லூரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பல வருடங்களுக்கு முன் இங்கு தமிழ் கற்பித்து, இப்போது எம்முடன் இல்லாத ஓர் ஆசிரியையின் மகள் பேசினார். பன்பாய் பின்னும் பெண்களிடையே வழங்கும் சொற்களைப் பற்றித் தம் உம்மா இச்சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தாராம். அது கிடைக்குமா என்று கேட்டார். பொறுப்பாசிரியர் அலுமாரியிலிருந்த பழைய சீடிகளைக் கிளறி, கோப்பைக் கண்டெடுத்து அனுப்பி வைத்தார். மறுநாள் மீண்டும் அழைப்பு.

“டீச்சர், போனில திறந்து பார்த்தன். இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாத்தான் தெரியுது. ஒண்டும் விளங்கல்ல.”

அதைத் தமிழாக்கும் வேலை, இதழ்க் குழுவில் கணினி தெரிந்தவள் என்று பெயர் வாங்கியிருந்த என் தலையில் விழுந்தது. ஒரு மாலையில் முடியும் என்றுதான் நினைத்தேன். ஏழு வாரங்கள் எடுத்தன. அதில் பாதிக்கு மேல் கணினியோடு மல்லுக்கட்டியதில் போகவில்லை. ஒருவருடைய அனுமதிக்காகக் காத்திருந்ததிலும் அது கிடைக்காததால் வேலையைத் திரும்பச் செய்ததிலுமே போனது.

முதலில் அந்தக் கோப்பு ஏன் அப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தமிழ்த் தட்டெழுத்துப் பழகியவர்கள் பாமினி என்ற எழுத்துருவை அறிவார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டும்போது கணினியின் நினைவகத்தில் பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஜே வரவேண்டிய இடத்தில் ‘த’ உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வேடம் கலைந்துவிடுகிறது. ஒருங்குறியில் இந்த வேடம் இல்லை. ‘த’ என்ற எழுத்துக்கென்றே ஓர் இலக்கம் உண்டு; எந்த நாட்டில் எந்தக் கருவியில் திறந்தாலும் அது ‘த’தான்.

ஆகவே ஜேயை ‘த’ ஆக்கு, கேயை ‘ம’ ஆக்கு என்று நீண்ட பட்டியல் ஒன்றின்படி பதிலீடு செய்ய வேண்டும். கையால் செய்தால் பிழை வரும். இதற்கென்றே பிறந்தவை போன்ற கருவிகள் யுனிக்ஸ் உலகத்தில் இருக்கின்றன.

யுனிக்ஸ் என்பது அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்ப்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய பணிசெயல் முறைமை. ஒரு கருவி ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பது அவர்களின் போக்கு. சொல்லைத் தேட கிரெப், பதிலீடு செய்ய செட், வரிசைப்படுத்த சோர்ட், எண்ண டபிள்யூசி. ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் ‘குழாய்’ 1973இல் வந்தது. இவற்றையெல்லாம் வரிசையாக இயக்கும்படி நாம் கொடுக்கும் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றுவது பாஷ் என்ற செய்நிரல். இவை பெரிய ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். லினக்ஸ் நிறுவிய எந்தக் கணினியிலும் இருக்கின்றன, அப்பிளின் மக் கணினிகளில் இருக்கின்றன, 2016 முதல் விண்டோஸிலும் லினக்ஸுக்கான உபமுறைமை வழியாக இயங்குகின்றன. எமது ஆய்கூடத்து மேசைக் கணினி ஒன்றில் அது இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் நானா, இணையத்தில் யாரோ ஒருவர் போட்டிருந்த பாமினிப் பட்டியலை எடுத்து, அதைச் சுற்றிச் சில வரிகள் எழுதி, ஒரு பாஷ் நிரலாக அனுப்பி வைத்தார். நான் அதை விண்டோஸின் நோட்பேடில் திறந்து, மேலே எமது கல்லூரியின் பெயரை எழுதிச் சேமித்தேன். பிறகு இயக்கினேன். ‘அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்றது கணினி. கோப்பு கண்முன்னே இருந்தது! இரண்டு நாட்கள் கோப்புறையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

நானா தம்முடன் படிக்கும் ஒருவரிடம் கேட்கச் சொன்னார். அவரை நான் ராத்தா என்றே அழைக்கிறேன். லினக்ஸில் தேர்ந்தவர், முகம் தெரியாத பலருக்கும் இப்படி உதவுபவர். “கோப்பு இல்லை எண்டு சொல்லுது” என்று எழுதினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வழுச்செய்தியை ஓர் எழுத்தும் விடாம அப்படியே அனுப்புங்க.” அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பாஷ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கூரைக்குறியும் எம் என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைத் திரையில் விழுந்த ஏதோ குப்பை என்று நினைத்து நான் பொருட்படுத்தவில்லை. நோய் அங்கேதான் இருந்தது.

பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு அசைவுகள் வேண்டும். தாளைத் தாங்கும் உருளையை ஆரம்பத்துக்குத் தள்ள வேண்டும். தாளை ஒரு வரி மேலேற்ற வேண்டும். கணினிக்கு வந்தபோது இவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளாயின. விண்டோஸ் வரி முடிவில் இரண்டையும் இடுகிறது. யுனிக்ஸ் இரண்டாவதை மட்டும் இடுகிறது. நான் பெயர் எழுதிச் சேமித்த வழியில் எப்படியோ ஒவ்வொரு வரியிலும் அந்த முதற்குறி ஏறிவிட்டது. ‘இதை பாஷ் கொண்டு வாசி’ என்று சொல்லும் முதல் வரியின் வாலிலும் அது ஒட்டிக்கொண்டதால், கணினி பாஷை விட்டுவிட்டு, பாஷுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாலும் சேர்ந்த பெயருடைய செய்நிரலைத் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று உலகத்தில் இல்லைதானே. அக்குறிகளை நீக்கவென்றே சிறு கருவி ஒன்று உண்டு. ஒரு கட்டளையில் சரியானது.

சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராத்தாவுக்கு என் கணினி எங்கிருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவரால் நோயைச் சொல்ல முடிந்தது. ஏனெனில் அந்தக் கருவிகளின் உள்ளே எழுதியிருப்பதை அவர் வாசித்திருக்கிறார். வாசிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கட்டுரை தமிழானது. அனுப்பினோம். அன்றிரவே பதில் வந்தது. உம்மா எழுதிய இன்னும் 43 கோப்புகள் தம்மிடம் பாமினியில் இருப்பதாகவும், எல்லாவற்றையும் எங்களுக்கு அனுப்பிச் சிரமம் தராமல் அந்த நிரலையே தந்தால் தாமே மாற்றிக்கொள்வதாகவும் கேட்டிருந்தார். நானும் அனுப்பத் தயாரானேன். அப்போதுதான் ராத்தா கேட்டார், “அந்தப் பட்டியலை எழுதினவர் அனுமதி தந்திருக்காரா?”

“சும்மா கிடச்சதுதானே, பிறகென்ன?” என்றேன்.

“காசு கேக்கல்ல எண்டதும் அனுமதி தந்திருக்கார் எண்டதும் ஒண்டா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயினும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் நூல், கட்டுரை போன்ற எழுத்தாக்கங்களுடன் சேர்த்தே பாதுகாக்கிறது. எழுதியவர் எதையும் பதிவு செய்யவேண்டியதில்லை; எழுதிய கணத்திலேயே உரிமை அவருடையது. நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அவர் எங்கும் எழுதி வைக்காவிட்டால், அவர் மௌனமாக இருக்கிறார் என்றுதான் பொருள். அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. உயர்தர மாணவியரான எமக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். டியூஷன் ஆசிரியர் தரும் டியூட்டைப் போட்டோகொப்பி எடுத்து வகுப்பு முழுவதும் பகிர்கிறோமே, அதற்கு யார் எமக்கு அனுமதி தந்தார்கள்? இதை எழுதும்போது என் மேசையிலும் அப்படி இரண்டு கிடக்கின்றன.

இந்த அனுமதியை எழுத்தில் தருவதுதான் உரிமம். யுனிக்ஸ் கருவிகளின் கதையே பெரும்பாலும் உரிமத்தின் கதைதான். பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி நிறுவனம், 1956இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டினால், கணினி வியாபாரத்தில் இறங்க முடியாமல் இருந்தது. அதனால் யுனிக்ஸை அதன் மூலநிரலுடனேயே பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் கொடுத்தது. மூலநிரல் என்பது மனிதர் எழுதிய, மனிதர் வாசிக்கக்கூடிய வடிவம். மாணவர்கள் வாசித்தார்கள், திருத்தினார்கள், ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அது தனிக் கிளையாகவே வளர்ந்தது. 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யுனிக்ஸ் விலைப்பொருளாகியது.

ஏறக்குறைய அதே காலத்தில் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மனுக்கு ஓர் அச்சுப்பொறியால் தொல்லை வந்தது. முன்பிருந்த பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி வரும்படி அவர் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். ஸெரொக்ஸ் வழங்கிய புதிய லேசர் பொறிக்கு மூலநிரல் வரவில்லை. அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாக அறிந்து நேரில் போய்க் கேட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்பமிட்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கிய சிறு விடயந்தான். ஆனால் 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் ‘குனூ’ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னணியில் அந்த மறுப்பும் இருந்தது. யுனிக்ஸின் ஒவ்வொரு கருவியையும், ஒரு வரிகூட நகலெடுக்காமல், புதிதாக எழுதுவதே திட்டம். பாஷ் அப்படிப் பிறந்தது. பிறயன் பொக்ஸ் எழுதி 1989இல் வெளியிட்டார். அதே வருடம் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் முதற் பதிப்பும் வந்தது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், மறுவருடம் அந்த உரிமத்துக்கு மாறியது.

ஜி.பி.எல். சொல்வது இதுதான்: பயன்படுத்து, வாசி, திருத்து, கொடு, வேண்டுமானால் விற்கவும் செய். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்தே கொடு. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. என்ற உரிமங்கள் இன்னும் தளர்வானவை. எழுதியவரின் பெயரையும் உரிமத்தையும் அழிக்காதே என்பதற்கு மேல் அதிகம் கேட்பதில்லை.

எழுதப்பட்ட அனுமதி எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவு செய்ய இலங்கைத் தொண்டர்கள் ‘சஹன’ என்ற மென்பொருளை எழுதினார்கள். அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. எடுத்துப் பயன்படுத்தும் அனுமதி மென்பொருளுடன் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. 2006இல் சமூகப் பயனுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சஹனவுக்கு வழங்கியது.

எமக்கோ அப்படி ஓர் அனுமதி இல்லை. பட்டியலை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு வாரங்கள் காத்திருந்தோம். பதில் வரவில்லை. முகவரியே மாறிவிட்டதோ என்னவோ. இனிப் புதிதாக எழுதுவதுதான் வழி என்றார் ராத்தா. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சட்டம் பாதுகாப்பது ஒருவர் எழுதிய விதத்தை. வெறும் தரவை அல்ல. பாமினியில் ஜே என்றால் ‘த’ என்பது யாருக்கும் சொந்தமில்லாத உண்மை. எனவே பழைய பட்டியலை ஆழமாக வாசித்திருந்த நானாவை ஒதுக்கிவிட்டு, நானும் அதைக் கண்ணாலும் பார்த்திராத என் தோழியும், எழுத்துருவின் விசைப்பலகைப் படத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் பார்த்து எழுதினாள். நான் இயக்கிச் சோதித்தேன்.

ஒன்பது மாலைகள். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்ற மூன்று விசைகள். நாங்கள் முதலில் ‘க’வை மாற்றினோம், கொம்பு முந்திய எழுத்தில் போய்த் தொங்கியது. பிறகு ‘கெ’யை முதலில் மாற்றினோம். பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் கிரெப் கொண்டு ‘கொடி’ என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. ஒருங்குறியில் ‘கொ’வுக்குரிய குறி ஒன்று, எங்களுடையதில் கொம்பும் காலும் இரண்டு குறிகளாக ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. மூன்று விசைக் கூட்டுகளை முதலிலும், இரண்டை அடுத்தும், தனி எழுத்தைக் கடைசியிலும் வைத்தபோதுதான் சரியானது. (எண்ணும் கருவியும் எங்களைத் திகைக்க வைத்தது. ‘கல்லூரி’ எமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் ஏழு குறிகள். கோப்பில் 21 பைட். சஞ்சிகைக்கு எழுத்தெண்ணிக்கை வரையறுக்கும் டீச்சர்மார் கவனிக்க!)

புதிய நிரலுக்கு ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பைத் தெரிந்தோம். தோழி எம்.ஐ.டி. போதும் என்றாள். நான்தான் விடவில்லை. யாராவது விடுபட்ட எழுத்துகளைச் சேர்த்துத் திருத்தி, பூட்டி விற்றால், வாங்குபவர் எங்களைப் போலவே திண்டாடுவார் என்பது என் எண்ணம். இப்போதும் அதுதான் என் எண்ணம்.

வாப்பாவுக்கு ஒரு சந்தேகம். “அப்ப அந்த நிரலால மாத்தின கட்டுரையையும் சும்மா கொடுக்கணுமா?” பெற்றோர் பலருக்கும் இச்சந்தேகம் வரலாம். இல்லை. உரிமம் கருவிக்கு உரியது. அதனால் மாற்றிய கட்டுரை ஆசிரியையின் குடும்பத்துக்கே சொந்தம். பிள்ளைகளுக்குக் கணினி வாங்கும்போது, கடையில் ‘எல்லாம் போட்டுத் தாறன்’ என்று பூட்டுடைத்த மென்பொருள்களை நிறைத்துத் தருவார்கள். அங்கே இருப்பது காசு கேட்காமை மட்டும், அனுமதி இல்லை. அதே கணினியில் லினக்ஸையும் லிப்ரே ஒபிஸையும் போட்டால் காசும் இல்லை, அனுமதியும் உண்டு.

நிரலை மகளுக்கு அனுப்பினோம். “வேலை செய்யல்ல” என்று பதில் வந்தது. இம்முறை கேள்வி கேட்டது நான்: “வழுச்செய்தியை ஓர் எழுத்தும் விடாம அனுப்புங்க ராத்தா.” ஒரு தெரிவை ஏற்கமுடியாது என்று பாஷ் மறுத்திருந்தது. அவருடையது மக் கணினி. மாறாமல் எஞ்சிய குறிகளை எண்ணுவதற்கு, பெயரிட்ட பெட்டிகளில் எண்ணிக்கையைப் போட்டுவைக்கும் வசதியைப் பயன்படுத்தியிருந்தோம். அது 2009இல் வந்த பாஷ் 4.0இல் சேர்ந்த வசதி. மக்கில் இருப்பதோ 3.2.

புத்தம் புதிய கணினியில் இவ்வளவு பழைய பாஷ் ஏன்? அதற்கும் காரணம் உரிமம் என்றே கணினித் துறையினர் பொதுவாகச் சொல்கிறார்கள். 3.2 ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் வந்தது. 2007இல் வெளியான மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைக் கருவிகளில் இந்த மென்பொருளை வைத்து விற்பவர், பயனர் திருத்திய பிரதி அதில் இயங்காதபடி பூட்டக்கூடாது என்றது. காப்புரிமை பற்றியும் நிபந்தனைகள் சேர்த்தது. 4.0 அதன் கீழ் வந்தது. அப்பிள் அதை எடுக்கவில்லை. 2019இல் தளர்வான உரிமமுடைய இஸட்-ஷெல்லை முதன்மையாக்கி, பழைய பாஷை அப்படியே விட்டுவைத்தது. நான் உரிமம் வழக்கறிஞர்களின் விடயம் என்று நினைத்திருந்தேன். அது வழுச்செய்தியாக எங்கள் மின்னஞ்சலுக்கே வந்து சேர்ந்திருந்தது.

பெட்டிகளைக் கைவிட்டோம். கிரெப் ஒவ்வொரு குறியையும் தனி வரியாக்க, சோர்ட் அடுக்க, யுனிக் எண்ண, மூன்றையும் குழாயால் இணைத்தோம். பத்து வரிகள் ஒரு வரியாகின. பழைய பாஷிலும் புதியதிலும் ஒரே மாதிரி ஓடியது.

43 கோப்புகளும் மாறின. ஒரு கிழமை கழித்து அவரிடமிருந்து ஒரு சிறு கோப்பு வந்தது. உம்மா ஓரிடத்தில் ‘ஸ்ரீ’ எழுதியிருந்தாராம். எங்கள் பட்டியலில் அது இல்லை. விடுபட்ட வரியைத் தாமே எழுதிச் சேர்த்து, வேறு யாருக்கும் உதவும் என்று அனுப்பியிருந்தார். அதைச் சேர்த்து, கோப்பின் தலையில் எங்கள் இருவர் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதினோம்.